ஹாட் டிஸ்கைக் காதில் வைத்துக் கேட்டவர்

தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் முப்பத்தொரு வருடம் தொழிற்சாலை ஃபிட்டராக இருந்தவர் கறுப்பையா. இயந்திரத்தின் மேல் ஓர் இரும்புக் கம்பியை ஊன்றி, மறுமுனையில் காதை வைத்தே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவாராம். இந்தக் கம்பி விஷயம் எனக்குப் பின்னால்தான் தெரியவந்தது. முதலிலேயே தெரிந்திருந்தாலும் மதித்திருப்பேனா என்பது சந்தேகம். பிலிமத்தலாவையில் கம்பியூட்டர் திருத்தும் கடை வைத்திருக்கும் அஸ்ஃபருக்கு அவ்வளவு மண்டைக்கனம். அந்த அஸ்ஃபர் நான்தான்.

எங்கள் ஊரிலுள்ள உறவுக்காரர் வீட்டுக்கு வந்த இடத்தில், கறுப்பையா ஹாட் டிஸ்கை ஒரு துவாயில் சுற்றிக் கொண்டுவந்தார். அதன் வயர் வீட்டில் எங்கேயோ தொலைந்துவிட்டது. உள்ளே மகள் சிந்துஜாவின் சடங்கு வீடியோ. பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த மனைவி பேச்சியம்மா கெமராக்காரரைப் பார்த்து, "என்னைய எடுக்காதீங்க, புள்ளைய எடுங்க" என்று ஏசுவது அதில் வருமாம். பேச்சியம்மா போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. அடையாள அட்டைப் படத்தை விட்டால் அவர் முகம் வேறெதிலும் இல்லை. ஓமானில் வேலை செய்யும் அந்த மகள் திவசத்துக்கு வருகிறாள், அவளுக்குப் போட்டுக்காட்ட வேண்டும் என்றார்.

மேசையில் கிடந்த வயரை எடுத்துக் குத்தினேன். லைட் எரிந்தது, கம்பியூட்டரில் ஒன்றும் வரவில்லை. பின்பக்கம் குத்திப் பார்த்தேன். வேறு கம்பியூட்டரில் குத்தினேன். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் தேடினேன், டிரைவரை அழித்துத் திரும்பப் போட்டேன். அந்த வயரைத் தவிர எல்லாவற்றையும் மாற்றினேன்.

அவர் டிஸ்கைக் காதோடு வைத்துக் கேட்டார்.

"உள்ள சுத்துது தம்பி, ஒரே சீரா. முப்பத்தொரு வருஷம் கொழுந்து அரைக்கிற ரோதையோட கெடந்தவன் நான். சுத்துறது எப்படிச் சாகும்?"

கடையில் வேறு இரண்டு பேர் காத்திருந்தார்கள். "ஐயா, இது ஒங்கட தேயிலை ரோதை இல்ல. இது செத்துப்போச்சு" என்றேன். அவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. இன்றைக்கும் நினைத்தால் உடம்பு கூசுவது அதற்காகத்தான்.

படித்த பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவர் டிஸ்கைத் துவாயில் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வாரம் ஒருவருடைய போனிலிருந்து படம் எடுக்க அதே வயரைக் குத்தினேன். போன் சார்ஜ் ஏறியது, படங்கள் வரவில்லை. வேறு வயர் போட்டதும் வந்தன. பஸ் ஸ்டாண்டில் குவித்து வைத்து விற்கும் வயர் அது. கரண்ட் மட்டும்தான் போகும், படமோ வீடியோவோ போகாது.

கடையில் எழுதி வைத்த சீட்டில் கறுப்பையாவின் போன் நம்பரும் விலாசமும் இருந்தன. போன் எடுத்துச் சொல்ல வெட்கம். நேரில் போய் நல்ல வயரைப் போட்டு, நானே உயிர் கொடுத்த மாதிரிக் காட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதற்கும் மனம் வராமல் மூன்று நாள் தள்ளிப்போட்டேன்.

நான் போனபோது, தோட்டத்து லய வீட்டுக்குப் பின்னால் போஞ்சிப் பாத்தியில் நின்றிருந்தார். குருவி விரட்ட, கம்பில் நூல் கட்டி ஒரு வட்டம் பளபளவென்று தொங்கிக்கொண்டிருந்தது. சீடி என்றுதான் நினைத்தேன். கிட்டப் போனதும்தான் தெரிந்தது, அது ஹாட் டிஸ்கின் உள்ளே சுற்றும் தட்டு.

"செத்துருச்சுன்னு சொன்னீங்களே, முந்தாநாள்தான் கழட்டிப் பாத்தேன் தம்பி. உள்ள கண்ணாடி மாதிரி இருந்துச்சு."

என் கையில் புது வயர். அதையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வயருதானா?"

தலையாட்டினேன். பிழை என்னுடையது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். இனி இதைச் சேர்க்க முடியுமா என்று கேட்டார். முடியாது என்றேன். இந்த முறை அது உண்மை.

ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அப்ப என் காது சரியாத்தான் கேட்டிருக்கு" என்று மட்டும் சொன்னார். பிறகு பாத்திக்குள் இறங்கி நூலை அவிழ்த்தார். வட்டத்தை, கட்டியிருந்த சாரத்தில் துடைத்து, கடைக்குக் கொண்டுவந்த அதே துவாயில் சுற்றினார். வீட்டுக்குள் போய், அலுமாரியில் பேச்சியம்மாவின் சேலைகளுக்கு மேல் வைத்தார். நான் வாசலிலேயே நின்றேன்.

"மக கேட்டா, நான்தான் ஒடச்சேன்னு சொல்லிக்கிறேன். நீங்க உள்ள வந்து பிளேன்டீ குடிங்க."