பூக்கேட்க வேண்டாம் என்றேன்

என் மகள் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். ஆட்களை வேவு பார்க்கும் கருவிகளை எந்த நாடு எந்த நாட்டுக்கு விற்கலாம், அதை யார் கட்டுப்படுத்துவது என்பதுதான் பொருள்.

மாப்பிள்ளையின் அப்பாவாகப் பெண் பார்க்க வந்த பனியன் கம்பெனி முதலாளிக்கு அது சிரிப்பாக இருந்தது. “ஏனுங்க, நாடு நாடாப் பஞ்சாயத்துப் பண்ண நம்மூட்டுப் புள்ளதான் கெடச்சுதுங்களா? கண்ணாலத்துக்கப்புறம் படிப்ப நிறுத்திப்போடட்டுங்க” என்றார்.

பிறகு பெருமையாகத் தன் போனைக் காட்டினார். கம்பெனிப் பெண்கள் தங்கும் ஹாஸ்டலின் வராந்தா கேமராவில் தெரிந்தது. ஒரு பெண் குளித்துவிட்டு வந்து தலை துவட்டிக்கொண்டிருந்தாள். எனக்குக் கூசியது.

“இது அவங்களுக்குத் தெரியுங்களா மாமா?” என்றாள் மகள்.

“அவளுககிட்ட எதுக்குக் கண்ணு கேக்கோணும்? பாதுகாப்புக்குத்தானே!”

கிளம்பும்போது, வெள்ளிக்கிழமை முருகன் கோயிலில் பூக்கேட்டு முடிவு செய்வோம் என்றார். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகச் சாமி முன் வைத்து ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்துவிட்டால் சாமிக்குச் சம்மதம்; எங்கள் பக்கத்தில் யாரும் மறுப்பதில்லை. நானும் மறுக்க மாட்டேன். அதனால் கேட்கவே வேண்டாம் என்றேன்.

“சாமிகிட்டக்கூடக் கேக்கக் கூடாதுங்களா?”

“அத்தன புள்ளைககிட்டக் கேக்காத நீங்க, சாமிகிட்ட மட்டும் எதுக்குங்க கேக்கறீங்க?”

அவர் போய்விட்டார். ஆராய்ச்சி நடக்கிறது. அவள் சொல்வதை எந்த நாடு கேட்குமோ தெரியாது. முருகனுக்கு இதில் சம்மதம் என்றே நம்புகிறேன்.