கம்ப்யூட்டரின் முதுகில் ஓர் எண்

என் மகள் வணிகவியல் இரண்டாம் ஆண்டுக்கு வந்தபோது வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்றாள். அவள் சட்டென்று எதையும் கேட்கிறவள் இல்லை. அதுவரை தன் செல்போனிலேயே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். "கட்டம் எல்லாம் குட்டி குட்டியா இருக்குப்பா. ஒரு கட்டத்துல விரலை வச்சா பக்கத்துக் கட்டம் அழிஞ்சிடுது" என்றாள். இன்னும் ஒரு வருடம் இப்படியே ஓட்ட முடியாது என்பது அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். நாவலூரில் ஓர் ஐ.டி. வளாகத்தில் செக்யூரிட்டியாக இருக்கிறேன். நகரத்திலிருந்து அப்புறப்படுத்தியவர்களுக்கு அரசு கட்டிக்கொடுத்த பெரும்பாக்கம் குடியிருப்பில் ஏழாவது மாடியில் எங்கள் வீடு. கம்ப்யூட்டரைத் தினமும் பார்க்கிறவன்தான், ஆனால் வெளியிலிருந்து. அப்போது எனக்கு மெட்டீரியல் கேட்டில் வேலை. ஆட்கள் போகும் வாசல் வேறு. பொருள்கள் உள்ளே வருவதும் வெளியே போவதும் எங்கள் வாசல் வழியாக. வெளியே போகும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சீட்டு இருக்க வேண்டும். ரிப்பேருக்குப் போய்த் திரும்ப வேண்டியதற்கு மஞ்சள் சீட்டு, ஒரேயடியாகப் போவதற்கு ரோஸ் சீட்டு. கம்ப்யூட்டரின் பின்பக்கம் கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதில் உள்ள எண்ணும் சீட்டில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று விரல் வைத்துப் பார்த்த பிறகுதான் வண்டியை விடுவேன். இங்கிலீஷ் எழுத்து எனக்குத் தடுமாறும். எண் தடுமாறாது.

மேற்குத் தாம்பரத்தில் பழைய கம்ப்யூட்டர் விற்கும் கடை ஒன்று இருப்பதாக மகளின் தோழி சொன்னாள். செல்போன் கவர் விற்கும் கடைக்கு மேலே, முதல் மாடியில். மகள் விறுவிறுவென்று ஏறிவிட்டாள். நான் பாதிப் படியில் நின்றுவிட்டேன். தெரியாத கடைக்குள் நுழைவது எனக்கு எப்போதும் சிரமம்.

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னாண்ணா, படியிலயே நின்னுக்கினு கீற. மேல வா, உன்னை ஒண்ணும் விக்க மாட்டேன்."

உள்ளே சுவர் முழுக்கக் கறுப்புப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. மகள் ஏதேதோ கேட்டாள். அவர் ஒரு பெட்டியை எடுத்து மூடியைக் கழற்றி, ராம் என்கிற மெமரி இதிலிருந்து, டிஸ்க் புதியது, திரை வேறொன்றிலிருந்து என்று எங்கள் கண் முன்னாலேயே ஒன்று சேர்த்தார்.

"எல்லாம் ஐ.டி. கம்பெனி சரக்குண்ணா. ஏசிலயே வளந்தது. வெயில்னா இன்னான்னே தெரியாது."

"எங்க வூட்ல ஏசி இல்லியே" என்றேன்.

"பழகிக்கும்ணா. நாமல்லாம் பழகிக்கலையா?"

மகள் சிரித்தாள். அவர் சொன்ன விலை எங்களால் கொடுக்க முடிந்த விலைதான். கொடுத்தேன். ஒரு விசிட்டிங் கார்டின் பின்னால் "ஆறு மாசம்" என்று வேகமாகக் கிறுக்கி நீட்டினார். அதுதான் வாரண்டி.

பில் கேட்க வேண்டும் என்று தோன்றியது. வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. கேட்டில் நிற்கும்போது எவ்வளவு பெரிய அதிகாரி வந்தாலும் "பேப்பர் காட்டுங்க சார்" என்று சொல்லிவிடுவேன். அந்தக் குரல் யூனிஃபார்மோடு வருகிற குரல். சாதாரணச் சட்டையில் அது வருவதில்லை. கார்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

பேருந்தில் பெட்டி என் மடியில், திரை மகள் மடியில். கண்டக்டர் எங்களைப் பார்த்துவிட்டு, "டிவிக்கு லக்கேஜ் போடணுமே" என்றார். "டிவி இல்ல சார், படிப்புக்கு" என்றாள் மகள். "படிப்புன்னா சரி, என்ன படிக்கப்போவுது அது?" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். மேடவாக்கம் வரும்வரை அந்தப் பெட்டியின் உலோக விளிம்பு என் தொடையை அழுத்திக்கொண்டிருந்தது. வலித்தாலும் சந்தோஷமாக இருந்தது.

என் மனைவி வீடுகளில் சமையல் வேலை செய்கிறாள். அவள் வந்து பார்த்து, "சீரியல் வருமா?" என்று முதலில் கேட்டாள். மகள் என்னை உட்காரவைத்து மவுஸைப் பிடிக்கச் சொன்னாள். நான் கையை நீட்டி நீட்டி இழுத்துக்கொண்டேன். "உங்கப்பா தொட மாட்டாருடி. கடிச்சிடும்னு பயப்படறாரு" என்றாள் மனைவி. அந்த வாரம் முழுவதும் வீட்டில் அதே பேச்சு. ரேஷன் கார்டில் பிழையாக இருந்த என் மனைவியின் பெயரைத் திருத்த மகள் அதிலேயே விண்ணப்பம் போட்டாள். நான் பின்னால் நின்று பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. எனக்கு அன்று மதிய ஷிப்ட். மனைவி வேலைக்குப் போயிருந்தாள், மகள் தேவாலயத்துக்குப் போகும் தன் தோழியோடு கிளம்பியிருந்தாள். மேசையை ஜன்னலிலிருந்து தள்ளிப் போடலாம் என்று பெட்டியைத் திருப்பினேன். பின்பக்கம், ஒயர்கள் நுழையும் இடத்துக்குக் கீழே, ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. நீல வட்டம், குறுக்கே ஒரு சாய்ந்த கோடு.

அந்த வட்டத்தை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் வளாகத்தின் வாசல் வளைவில் ஆள் உயரத்துக்கு இருக்கிறது. தினமும் அதன் கீழேதான் நிற்கிறேன்.

வட்டத்துக்கு அடியில் எண். இரண்டு பூஜ்யம், நாற்பத்தொன்று, எழுபத்தாறு. பழக்கத்தில் விரல் வைத்துப் படித்துவிட்டேன்.

நான் காவல் நிற்கிற இடத்தின் பொருள் என் வீட்டில் இருக்கிறது. பில் இல்லை. அதுவும் பெரும்பாக்கத்தில். எங்கே இருக்கிறாய் என்று கேட்டு, பெரும்பாக்கம் என்றதும் சில பேருடைய முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். முந்தின மாதம்தான் மூன்றாவது மாடிக்குப் போலீஸ் வந்து ஒரு பைக்கைப் பற்றி விசாரித்துவிட்டுப் போனார்கள். பைக் அந்த ஆளுடையதுதான் என்று பிற்பாடு தெரிந்தது. ஆனால் அவர் ஜீப்பில் ஏறியதை எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

நான் யோசிக்கவே இல்லை. தேங்காய் எண்ணெயைத் தடவி, ஊறவைத்து, பிளேடால் ஸ்டிக்கரைச் சுரண்டினேன். சுருள் சுருளாக வந்தது. கசங்கிய துணியால் துடைத்து, துணியையும் சுருள்களையும் குப்பைக் கவரில் போட்டு, கவரைக் கீழே கொண்டுபோய்த் தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

திரும்பி வந்து பார்த்தபோது, ஸ்டிக்கர் இருந்த இடம் மட்டும் பளபளவென்று புதிதாகத் தெரிந்தது. அப்போதுதான் நான் செய்த காரியம் எனக்கு உறைத்தது. எங்கள் செக்யூரிட்டி ஆபீசர் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்று உண்டு. "ஸ்டிக்கர் இல்லாத பெட்டி வந்தா கேள்வியே கேக்காத. வண்டியை நிறுத்து, என்னைக் கூப்பிடு." ஸ்டிக்கரைப் பிய்க்கிறவன் திருடன். பத்து வருடமாக மற்றவர்களிடம் நான் தேடிய அடையாளம் அது.

இன்னொன்றும் இருக்கிறது. கம்பெனி பழைய பெட்டிகளை விற்கும்போது ஸ்டிக்கரின் மேல் சிவப்பு மையால் ஒரு கோடு இழுப்பார்கள். கோடு இருந்தால் விற்றது, இல்லாவிட்டால் கம்பெனியுடையது. நான் சுரண்டியதில் சிவப்புக் கோடு இருந்ததா? வட்டத்தைப் பார்த்த அதிர்ச்சியில் அதை நான் கவனிக்கவே இல்லை. பிளேடை எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் லேசாகச் சிவப்பு தெரிந்தது. மையா துருவா என்று சொல்ல முடியவில்லை. தொட்டிக்கு ஓடினேன். குப்பை வண்டி வந்து போய்விட்டிருந்தது.

அன்று மகளிடம் கம்ப்யூட்டரைப் போட வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டாள். "கரண்ட் ஏறி இறங்குது" என்றேன். மனைவியின் பழைய புடவையைப் போட்டு அதை மூடினேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஷிப்ட் தொடங்கும்முன் எங்களை வரிசையாக நிறுத்தியபோது ஆபீசர் சொன்னார்: "மூணாவது பில்டிங்ல ஸ்டாக் எடுக்கறாங்க. சில மெஷின் கணக்குல வரல. கேட்ல யார் யார் டியூட்டின்னு கேப்பாங்க. எல்லாரும் ஞாபகமா பதில் சொல்லுங்க." அவர் என்னைப் பார்க்கவில்லை. ஆனாலும் நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் பக்கத்தில் நின்ற கூட்டாளி, "இன்னா மச்சான், உடம்பு சரியில்லியா? மூஞ்சி வெளுத்துப் போயி கீது" என்று கிசுகிசுத்தார். வயிற்றுவலி என்றேன்.

அன்று ஒவ்வொரு சீட்டையும் மூன்று முறை பார்த்தேன். ஒரு டிரைவர், "இன்னா சார், பரீட்சையா எழுதறீங்க" என்றார்.

புதன்கிழமை எனக்கு வார விடுமுறை. வீட்டில் யாருமில்லாத நேரத்தில் பெட்டியை ஒரு கோணிக்குள் போட்டு, தோளில் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். ஏரிப் பக்கம் எங்காவது போட்டுவிடலாம் என்று நினைப்பு. லிஃப்ட் வேலை செய்யவில்லை. நான்காவது மாடிப் படியில் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தார்.

"இன்னாபா, கம்ப்யூட்டரா அது? அதுக்குள்ள பூட்ச்சா?"

கோணி முழுவதும் மூடவில்லை. ஒயர் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

"ஆமாக்கா."

"போன வாரம்தான உன் பொண்ணு எனக்குக் காமிச்சா. நல்லா ஓடிச்சே. வாரண்டி கீதா?"

"கீதுக்கா."

"அப்ப ஏன் கோணில போட்டுக்கினு போற? திருட்டுப் பொருளு மாரி."

சும்மா சொன்னார். கத்தி அவர் கையில் வெண்டைக்காயை நறுக்கிக்கொண்டே இருந்தது. பட்டப்பகலில் ஒரு கோணியோடு ஏரிக்குப் போகிறவனை எத்தனை பேர் பார்ப்பார்கள் என்று அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன். "ஒரு ஒயரை மறந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி ஏறினேன்.

கதவைத் திறந்தால் மகள் நின்றுகொண்டிருந்தாள். மதியத்தோடு வகுப்பு முடிந்திருந்தது. என்னையும் கோணியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"விக்கப் போறீங்களாப்பா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பெட்டியைத் திருப்பி அந்தப் பளபளப்பான இடத்தைத் தடவினாள்.

"எதுக்குப்பா சொரண்டினீங்க? அது இருந்திருந்தா இது எங்கேருந்து வந்துச்சின்னு யாராவது பாத்துச் சொல்லியிருப்பாங்க. இப்ப எதை வச்சிக் கேக்கறது?"

"நம்பர் எனக்குத் தெரியும்" என்றேன்.

அவள் பெட்டியிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். பிறகு, "அப்ப உங்க ஆபீசர்கிட்ட சொல்லுங்க. அவங்களா வந்து கேக்கறதுக்கு முன்னாடி சொல்லிடுங்க. நான் இதத் தொட மாட்டேன்" என்றாள். தொடமாட்டேன் என்று அவள் சொன்னதுதான் என்னை மறுநாள் ஆபீசர் அறை வரை தள்ளிக்கொண்டு போனது.

ஆபீசர் ராணுவத்தில் இருந்தவர். கதவருகே நின்று சல்யூட் அடித்தேன். "என்னய்யா, லீவா?" என்றார். இல்லை என்று தலையசைத்தேன். ஒரு தாளில் எண்ணை எழுதி வைத்திருந்தேன், அதை மேசையில் வைத்தேன். பிறகு துண்டு துண்டாகச் சொன்னேன். தாம்பரம் கடை, பில் இல்லாதது, வட்டம், பிளேடு. கோணியைப் பற்றிச் சொல்லவில்லை.

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "ஸ்டிக்கரைச் சொரண்டினது நீதானா?"

"நான்தான் சார்."

"உன் கேட்ல ஒருத்தன் இதே கதையைச் சொன்னா நீ நம்புவியா?"

"மாட்டேன் சார்."

"நானும் அதைத்தான் யோசிக்கறேன்." தாளை மடித்துப் பையில் வைத்தார். "போ. டியூட்டியைப் பாரு. நான் சொல்ற வரைக்கும் அந்தப் பொட்டி வீட்டை விட்டு நகரக் கூடாது."

மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளும் வீட்டில் யார் கதவைத் தட்டினாலும் போலீஸ் என்றே நினைத்தேன். பால்காரர் தட்டியதற்குக்கூட நான் எழுந்து உள்ளறைக்குப் போய்விட்டேன். மனைவியிடம் மகள் சொல்லிவிட்டாள் போல. மனைவி கேலி பேசுவதை நிறுத்திவிட்டாள். அதுதான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது. ஒரு காலை டிபன் கட்டிக் கொடுக்கும்போது, "வேலை போனாலும் பரவால்ல. பேரு போவக் கூடாது" என்றாள்.

ஞாயிறு ஷிப்ட் முடியும் நேரத்தில் ஆபீசர் கேட்டுக்கே வந்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நம்பர் லிஸ்ட்ல இருக்கு. ரெண்டு வருஷம் முன்னாடி ஸ்கிராப்புக்கு ஏலம் விட்ட லாட்டு. முறையா வித்ததுதான். ஸ்டாக்ல காணாமப்போன மெஷின் வேற."

கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"நாளையிலேர்ந்து நீ பேஸ்மெண்ட் பார்க்கிங்" என்றார்.

நான் அவரைப் பார்த்தேன்.

"உன்மேல சந்தேகம் இல்ல. வந்து சொன்னே பாரு, அது பெருசு. ஆனா பயம் வந்தா ஸ்டிக்கரைச் சொரண்டற கை மெட்டீரியல் கேட்ல இருக்கக் கூடாது. அவ்வளவுதான்."

"சரி சார்" என்றேன். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

வீட்டுக்குப் போய் மகளிடம், "போடும்மா, ஒண்ணும் இல்ல, வித்த பொருள்தானாம்" என்றேன். அவள் புடவையை எடுத்து மடித்து வைத்துவிட்டு சுவிட்சைப் போட்டாள். மனைவி அவள் பின்னால் போய் நின்றுகொண்டாள். பேஸ்மெண்ட்டைப் பற்றி அன்று நான் சொல்லவில்லை.

இப்போது தரைக்குக் கீழே நின்று கார்களுக்கு வழி காட்டுகிறேன். என்னிடம் யாரும் எந்தச் சீட்டும் காட்டுவதில்லை. ஷிப்ட் முடிந்து வெளியே போகும்போது கேட்டில் நிற்கும் கூட்டாளி என் பையைப் பார்க்க வேண்டும், அது விதி. அவர் கையசைத்து, "போ மச்சான், உன் பைல இன்னா இருக்கப்போவுது" என்பார். நான் போவதில்லை. பையின் ஜிப்பைத் திறந்து, சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், துண்டு என்று ஒவ்வொன்றாக எடுத்து அவர் மேசையில் வைக்கிறேன். அவர் எல்லாவற்றையும் பார்த்து முடிக்கும்வரை நின்றுவிட்டு, பிறகுதான் திரும்ப அடுக்குகிறேன்.