செத்த சுண்ணாம்பும் பாதிக் கொடிக்காலும்

பிள்ளைகளா, இரண்டு பொருள் சேர்ந்து மூன்றாவதாக ஒன்று உண்டாகும்போது, எது முதலில் தீர்கிறதோ அதோடு வினை நின்றுவிடும், மற்றது மிச்சமாகச் சும்மா கிடக்கும் என்று உங்கள் வேதியியல் பாடத்தில் இருக்கிறது. பத்தாவதோடு நின்ற உங்கள் அப்பனுக்கும் அது புரிகிறது. அந்தச் 'சும்மா' என்பதுதான் இடிக்கிறது.

கம்பைநல்லூர்ப் பக்கம் உங்கள் மாமனுக்கு வெற்றிலைக் கொடிக்கால் இருப்பது உங்களுக்குத் தெரியும். போன ஆவணியில் மழை விடாமல் பிடித்துக்கொள்ள, கொடி அழுக ஆரம்பித்தது. முகூர்த்தத்துக்கு இலை கிள்ளியாக வேண்டும். அவர் குடும்பம் அதைத்தான் நம்பியிருந்தது. செம்பு உப்பான மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் சம எடை எடுத்து, தனித்தனியாகக் கரைத்துக் கலந்து தெளிக்கச் சொன்னார் உரக்கடைக்காரர். தெளிக்கும் முன் மருந்தில் அருவாளை முக்கிப் பார்க்கவும் சொல்லியிருந்தார்.

மாமன் சிக்கனக்காரர். பொங்கலுக்கு வூடு வெள்ளையடித்து மிஞ்சிய சுண்ணாம்பைத் தூக்கி வந்தார். வாய் திறந்த சாக்கில் அத்தனை மாதம் காற்றையும் ஈரத்தையும் குடித்துச் செத்துப்போன பொடி. தராசில் எடை சரியாக நின்றது. செத்ததற்கும் எடை உண்டே. போதாக்குறைக்கு, வீரியம் ஏறட்டும் என்று துத்தத்தை மட்டும் ஒரு கை கூடப் போட்டார்.

மருந்தில் முக்கிய அருவாள் சிவப்பாகச் செம்பு பூசிக்கொண்டு வெளியே வந்தது. உதவிக்குப் போயிருந்த என்னிடம் மாமன் அதை நீட்டிக் காட்டினார்.

"பாருங்க மாமா, மருந்து எத்தன முறுக்கா இருக்குது."

"செவக்கணும்னா சொன்னாரு மாப்ள?"

"முக்கிப் பாக்கச் சொன்னாரு, பாத்தாச்சு. பத்தாவதைத் தாண்டாத ஆளு எனக்குப் பாடம் எடுக்கறீங்களா?"

அவர் படித்தது ஒன்பதாவது.

பாதித் தோட்டம் முடிந்தபோது தெளிப்பு மெஷினில் பெட்ரோல் தீர்ந்தது. மெஷினைத் திட்டிவிட்டு, அருவாள் சிவந்த பெருமையைச் சொல்லக் கடைக்காரருக்குப் போன் போட்டார் மாமன். ஸ்பீக்கரில் கடைக்காரர் குரல் இறங்கிப்போனது.

"செவந்தா அடிக்கக் கூடாதுங்க. சுண்ணாம்பு பத்தலைன்னு அர்த்தம். மிச்சமிருக்கற துத்தம் இலையைப் பொசுக்கிடும்ங்க. எவ்வளவு அடிச்சீங்க?"

மாமன் போனை என் கையில் கொடுத்துவிட்டார்.

மறுநாளே அடித்த பாதியில் இலைகள் ஓரம் கருகிச் சுருண்டன. விற்கிற பொருளே இலைதான். சுண்ணாம்பு முதலில் தீர்ந்து பாதியைக் கெடுத்தது. நல்லவேளையாகப் பெட்ரோலும் முதலில் தீர்ந்து மீதியை விட்டுவைத்தது. ஆனால் அழுகல் அந்தப் பக்கமும் எட்டிக்கொண்டிருந்தது.

"டேங்க் நெறைய ஊத்தாத என் கஞ்சத்தனந்தான் காப்பாத்துச்சு மாமா. உங்க அக்காகிட்ட, அதான் எங்க அக்காகிட்ட, சொல்லிடாதீங்க," என்றார், உங்கள் அம்மா யாருக்கு அக்கா என்பதே குழம்பிப்போய். இனி மருந்துப் பக்கமே தலைவைக்க மாட்டேன் என்று சொல்லி வூட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டார்.

நான் சுண்ணாம்பு சுடும் காளவாசலுக்குப் போய், அன்று இறக்கிய சுண்ணாம்புக் கல்லாகப் பார்த்து வாங்கி வந்தேன். கொடிக்காலில் யாரும் இல்லை. மண்பானையில் கல்லைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி விலகி நின்றேன். கல் சீறி வெடித்துக் கொதித்தது. ஆறும்வரை காத்திருந்து, பழைய வேட்டித் துணியில் சுண்ணாம்புப் பாலை வடிகட்டி, மீதிப் பாதிக்கான மருந்தைக் கலக்க ஆரம்பித்தேன்.