பூசை போட்ட ஆயில்

தங்கராசுவுக்கு நாற்பத்தாறு வயது. அதில் பதினோரு வருஷத்தை விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில், அரங்கநாதன் கம்பெனியின் பிரஸ் ரூமில் கழித்தவர். களிமண் மாவுத்தூளை அச்சில் கொட்டி மிஷினை இறக்கி, கரண்ட் பெட்டிக்கான பீங்கான் ஃபியூஸ் கட்டை எடுக்கிற வேலை அது. சாயங்காலம் வெளியே வரும்போது புருவம் வரைக்கும் வெளுத்திருக்கும். இருமல் நெஞ்சில் குடியேறிய பிறகு ஒரு நாள் மாஸ்க்கைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, இனி இந்தத் தூசிக்குள் கால் வைப்பதில்லை என்று வெளியே வந்துவிட்டார். ஊரில் வேலையை விடுகிறவர்கள் பாதிப்பேர் மறுமாதமே திரும்பிப் போவார்கள். இவர் போகவில்லை. அந்த விஷயத்தில் மனுஷன் கொஞ்சம் அழுத்தக்காரர்.

அதே கம்பெனியில் ஊறுகாய் ஜாடி, பொம்மை, அகல்விளக்கு என்று சரக்கெடுத்து, பைக்கின் இரண்டு பக்கமும் மரப்பெட்டி கட்டி, வைக்கோல் திணித்து, வேப்பூர், திட்டக்குடி கடைகளுக்குப் போடத் தொடங்கினார். ஐந்து வருஷமாக அதுதான் பிழைப்பு. வண்டி பழசுதான். ஆனால் அந்த வண்டி ஓடுகிறவரைக்கும் பிரஸ் ரூம் இல்லை. வண்டி நின்றால் பிரஸ் ரூம்தான். அவர் மனைவி விருத்தாம்பாளுக்கும் இது தெரியும் என்பதால், வெள்ளிக்கிழமை வாசலில் கொளுத்தும் சூடத்தை அவள் முதலில் வண்டிக்குத்தான் காட்டுவாள்.

அரங்கநாதன் கெட்ட முதலாளி இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். கடனுக்குச் சரக்குக் கொடுப்பார், கல்யாணம் காட்சிக்கு வந்து நிற்பார். அவருக்கென்று ஒரு வழக்கம் உண்டு. ஆயுத பூசைக்கும் மாட்டுப் பொங்கலுக்கும் கம்பெனி ஆட்கள் அத்தனை பேர் வண்டிக்கும் அவரே ஆயில் வாங்கி, அவர் கையாலேயே ஊற்றுவார். ஆட்கள் முந்தின நாளே பழைய ஆயிலை இறக்கிவிட்டு, காலி இன்ஜினோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து கேட்டுக்குள் வரிசையாக நிறுத்த வேண்டும். சந்தனம், குங்குமம், பூ. அப்புறம் முதலாளி புனலை வைத்து ஊற்றிக்கொண்டே வருவார். சரக்கெடுத்து விற்கிறவர்களும் அந்த வரிசையில் சேர்த்திதான். வேறு எஸ்டேட்டில் இப்படி யாராவது செய்வார்களா என்று எல்லோரும் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள், தங்கராசுவும் சொல்லியிருக்கிறார்.

போன ஆயுத பூசைக்கு முதலாளிக்கு மனசு இன்னும் பெரிதாகிவிட்டது. புதுக் கார் வாங்கியிருந்தார். அந்தக் காருக்கு என்ன ஆயிலோ அதையே எல்லா வண்டிக்கும் ஊற்றினார். டின்னே பளபளவென்று இருந்தது. நான் போடுறதைத்தான் நீங்களும் போடணும் என்று சொல்லிக்கொண்டே ஊற்றினார். இரண்டு மூன்று பேருக்குக் கண் கலங்கிவிட்டது.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, ரயில்வே மேம்பாலத்தில் ஜாடிப் பெட்டிகளோடு ஏறிக்கொண்டிருந்தபோது வண்டி கத்தியது. இன்ஜின் சத்தம் ஆகாயத்துக்குப் போனது, சக்கரம் மட்டும் ஏதோ யோசித்துக்கொண்டு நகர்ந்தது. பின்னால் வந்த பஸ்காரன் ஹாரனில் கை வைத்தவன் எடுக்கவில்லை. தங்கராசு இறங்கித் தள்ளினார். பாலத்தின் உச்சிக்கு வந்தபோது பழைய இருமலும் வந்துவிட்டது.

மெக்கானிக் சாமிக்கண்ணு கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது என்று புதுசு போட்டார். போடும்போது ஆயிலை இறக்கத்தானே வேண்டும். இறக்கியதை ஒரு சட்டியில் பிடித்து, துணியில் வடிகட்டி, அதையே திரும்ப ஊற்றினார். பூசைக்குப் போட்ட ஆயில், பதினைந்து நாள்கூட ஓடவில்லை, அதைக் கீழே கொட்ட யாருக்கு மனசு வரும். ஒரே வாரம். திரும்பவும் அதே பாலம், அதே கத்தல். இந்தத் தடவை சாமிக்கண்ணு கையைத் துடைத்துக்கொண்டு, வண்டிக்கு வயசாகிவிட்டது, கியர்பாக்ஸ் போயிருக்கும், வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள் என்றார். விருத்தாம்பாள் மடித்து வைத்திருந்த பழைய பிரஸ் ரூம் சட்டையை எடுத்துக் கொடியில் போட்டாள். அவள் குத்திக்காட்டவில்லை, நடக்கப்போவதற்கு ஏற்பாடு செய்தாள். தங்கராசு அந்தச் சட்டையை எடுத்து, கிழித்து, வண்டி துடைக்க வைத்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து அவர் காரணம் தேடத் தொடங்கினார். படிப்பு எட்டாவதுதான். ஆனால் ஆயிரம் ஜாடியில் எது கீறல் விட்டது என்று தட்டிப் பார்த்தே ஒதுக்குகிற மனுஷனுக்கு, ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கப் பொறுமை இருந்தது. கம்பெனி வண்டி ஷெட்டில் போய் நின்றார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் வண்டி எப்படி இழுக்கிறது என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டார். பைக் வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவரும் குரலைத் தாழ்த்தி, என்னமோ தெரியவில்லை, இழுக்கவே மாட்டேன் என்கிறது என்றார்கள். ஒருவருக்கும் அது இன்னொருவருக்கும் இருப்பது தெரியாது. புது வண்டிக்காரனும் சொன்னான், பழைய வண்டிக்காரனும் சொன்னான். அப்படியானால் வயசு இல்லை. ஆயில்தான் என்று நினைத்தபோது, பேக்கிங்கில் வேலை பார்க்கும் வெண்மதியும் அனிஷாவும் ஸ்கூட்டியில் வந்து இறங்கினார்கள். அவர்கள் வண்டிக்கும் அதே ஆயில்தான். எங்க வண்டிக்கு என்ன, ஜம்முனு போகுது என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்கள். தங்கராசுவுக்கு வந்த பிடியும் நழுவிவிட்டது.

விடுவாரா. அடுத்த முறை வேப்பூருக்கு, பாலத்தைத் தவிர்த்து, பாதிச் சுமையோடு சுற்றுவழியில் போனார். ஹைவேயில் லாரிகளுக்கு ஆயிலும் சாமானும் விற்கிற ஸ்தனிஸ்லாஸ் கடை இருக்கிறது. ஸ்தனிஸ்லாஸ் யாருக்கும் கேட்டதை எடுத்துக் கொடுக்க மாட்டார். வண்டி என்ன, எத்தனை வருஷம், என்ன சுமை என்று பத்துக் கேள்வி கேட்டுவிட்டுத்தான் அலமாரிப் பக்கமே திரும்புவார். அதனாலேயே பாதி வாடிக்கையாளர்கள் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள். தங்கராசு கம்பெனி ஷெட்டில் பொறுக்கிய காலி டின்னைப் பையிலிருந்து எடுத்து வைத்து, பைக்குகளின் கதையையும் ஸ்கூட்டிகளின் கதையையும் சொன்னார். ஸ்தனிஸ்லாஸ் டின்னைத் திருப்பி, பின்பக்கம் பார்த்து, வாய்க்குள்ளேயே சிரித்தார்.

"இது தங்கமான ஆயிலுங்க. ஆனா காருக்கு. காருக்குக் கிளட்ச் வெளிய தனியா இருக்குது. பைக்குக்கு இன்ஜினு, கியரு, கிளட்ச் மூணும் ஒரே எண்ணெயிலதான் முங்கிக் கெடக்குது. இதுல வழுக்குறதுக்குன்னே மருந்து சேர்த்திருக்கான். இன்ஜினுக்கு அது நல்லது. கிளட்ச் வழுக்குனா வண்டி எப்படிங்க போவும்?"

ஸ்கூட்டிக்கு என்ன என்று கேட்டார் தங்கராசு. அதற்குக் கிளட்ச் ஆயில் படாத இடத்தில், பெல்ட்டோடு, காய்ந்து கிடக்கிறது என்றார் ஸ்தனிஸ்லாஸ். ஒரு பைக் ஆயில் டின்னை எடுத்து அதன் முதுகில் பொடி எழுத்தில் இருந்த ஜாசோ எம்ஏ என்ற முத்திரையை நகத்தால் காட்டினார். விலையைப் பார்க்காதீர்கள், கெட்டியா தண்ணியா என்று விரலால் தடவிப் பார்க்காதீர்கள், இந்த முத்திரை இருக்கிறதா பாருங்கள், அப்புறம் வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் என்ன நம்பர் போட்டிருக்கிறதோ அதே நம்பரை வாங்குங்கள், அவ்வளவுதான் என்றார். அந்தப் புத்தகம் தங்கராசு வீட்டு பீரோவில், ஆர்சி புக்கோடு பாலித்தீன் பையில், வாங்கிய நாளிலிருந்து பிரிக்காமல் கிடந்தது. பத்து டபிள்யூ முப்பது என்று போட்டிருந்தது. இத்தனை வருஷமும் அவர் அதைத் திறந்து பார்த்ததே இல்லை.

பூசை ஆயிலைக் கீழே விடுவதற்கு விருத்தாம்பாள் சம்மதிக்கவில்லை. சாமி காரியம், அதோடு மொதலாளி காதுக்குப் போனால் சரக்கு நின்றுவிடும் என்றாள். இரண்டும் நியாயம்தான். தங்கராசு அவளிடம் வாதாடவில்லை. வேப்பமரத்தடியில் போல்ட்டைக் கழற்றினார், சட்டியில் பிடித்தார், கேனில் ஊற்றி மூடி ஓரமாக வைத்தார். கிளட்ச் பிளேட்டுகளைக் கழுவி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். புது ஆயில் ஊற்றி, ஒரு வாரம் ஓட்டி, அதையும் இறக்கிவிட்டு மறுபடி புதுசு ஊற்றினார். கார்த்திகை தீபத்துக்கு முன்னால், அகல்விளக்குச் சுமையோடு, மேம்பாலத்தில் மூன்றாவது கியரில் ஏறினார். உச்சியில் நிறுத்தவேண்டிய அவசியமே இல்லை. நிறுத்தினார், இறங்கினார், டேங்கைத் தட்டிக்கொடுத்தார். சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

இத்தோடு முடிந்திருந்தால் இது வெறும் ஆயில் கதை. தங்கராசு விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை. முதலாளி கொடுத்தது தப்பு என்று எந்த வாயால் சொல்வது. பொங்கல் சரக்கு ஓடி முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிவைத்தார். மார்கழியில் ஒரு நாள் திட்டக்குடி பக்கத்து மங்களூர் டீக்கடையில் பழமலையைப் பார்த்தார். பழமலையும் இவரைப்போலவே பிரஸ் ரூமை விட்டு வந்து, அந்தப் பக்கத்துக் கடைகளுக்குச் சரக்குப் போடுகிறவன், இவரைவிடப் பத்து வயது சின்னவன். வண்டி இழுக்கவே இல்லை அண்ணே, கியர்பாக்ஸ் போயிடுச்சாம், தள்ளிவிடப் போறேன் என்றான். ஆயிலை மாத்திப் பாரேன் என்றார் தங்கராசு, டீயைப் பார்த்துக்கொண்டே. பூசைக்கு மொதலாளி ஊத்துனது புத்தம் புதுசு, அதைப் போய் என்று சிரித்தான் பழமலை. டீக்குத் தங்கராசுவே காசு கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

மாட்டுப் பொங்கல் வந்தது. காலையிலேயே எல்லோரும் காலி இன்ஜினோடு வண்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தங்கராசு மட்டும் ஓட்டிக்கொண்டு வந்தார். கேட்டுக்குள் நுழைந்த சத்தத்தில் தலைகள் திரும்பின. வரிசையின் கடைசியில், வண்டி இல்லாமல், வெளுத்த புருவத்தோடு பழமலை நின்றுகொண்டிருந்தான். அவன் பிரஸ் ரூமுக்குத் திரும்பிப் பத்து நாள் ஆகிறது என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார்.

அரங்கநாதன் அதே பளபளப்பு டின்னோடு வரிசையில் வந்தார். முதல் வண்டியின் மூடியில் கை வைப்பதற்குள் தங்கராசு அவர் முன்னால் போய் நின்றார்.

"மொதலாளி, கோவிச்சுக்காதீங்க. இது கார் ஆயிலுங்க. பைக்குக்கு ஆவாது. கிளட்ச் வழுக்கும். இங்க இருக்குற அத்தன பைக்கும் மூணு மாசமா வழுக்கிக்கிட்டுதான் இருக்குது. யாரும் உங்ககிட்ட சொல்ல மாட்டாங்க. நான் சொல்றேன்."

அரங்கநாதன் முகம் சுருங்கியது. வரிசையைப் பார்த்தார். ஒருவர் பின் ஒருவராக ஆட்கள் தலையைக் குனிந்தார்கள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டின்னின் பின்பக்கத்தை வெகுநேரம் படித்தார். பிறகு மூடியைத் திருகி, டின்னைக் கீழே வைத்தார். என்ன ஆயில் வேண்டும் என்று எழுதிக் கொடு, இப்பவே ஆள் அனுப்புறேன் என்றார். அவர் குரலில் கோபத்தைவிட வெட்கம்தான் அதிகம் இருந்தது. தங்கராசு பயந்தது எதுவுமே நடக்கவில்லை.

அப்போது பழமலை முன்னால் வந்தான்.

"அப்ப என் வண்டி நல்லாத்தான் இருந்துச்சாண்ணே?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

"ஒனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

தங்கராசு பொய் சொல்ல நினைக்கவில்லை. "கார்த்திகையிலேர்ந்து," என்றார்.

பழமலை விரலை மடக்கிக்கூடப் பார்க்கவில்லை. அவன் விற்றது மார்கழியில். அவன் இவர் முகத்தையே பார்த்தான், இவர் பார்வையைத் திருப்பவில்லை. யாரிடம் விற்றாய் என்று கேட்டார். திட்டக்குடியில் பழைய வண்டி வாங்குகிறவனிடம் என்றான். இன்றைக்கே போய்க் கேட்போம், அவனிடம் இல்லாவிட்டால் வாங்கியவன் வீட்டுக்கும் போவோம், கிடைக்கிறவரைக்கும் என் வண்டியில் உன் சரக்கும் போகும் என்று சொல்லிவிட்டு, பக்கத்துப் பெட்டிகளைக் கழற்றிக் கீழே வைத்து, வண்டியை உதைத்தார்.

பழமலை பின்னால் ஏறி உட்கார்ந்தான். திட்டக்குடி போய்ச் சேரும்வரை இவர் தோளில் கை வைக்காமல், பின்கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தான். வண்டி நன்றாக ஓடியது.