தமிழில் ஜன்னல், மலையாளத்தில் வாசற்படி

கோர்ட்டிலிருந்து சம்மன் வந்த அன்றைக்குத்தான் எனக்கு மூளையின் மேல் அக்கறை வந்தது. அதுவரை அது பாட்டுக்கு இருந்தது, நான் பாட்டுக்கு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். மூன்று வருஷத்துக்கு முன்னால், பாறசாலையில் எங்கள் தையல் கடைக்கு எதிரே, சைக்கிளில் போன ஒருவரை ரப்பர் ஷீட் ஏற்றிவந்த பிக்கப் வண்டி இடித்துக் கொன்றுவிட்டது. பஸ்ஸை முந்துவதற்காக வண்டி வலப்பக்கம் ஏறி வந்ததைக் கண்ணால் பார்த்தேன் என்று போலீசில் சொல்லியிருந்தேன். வேறு சாட்சி இல்லை. டிரைவர் அம்பூரிக்காரன், கைக்குழந்தை உள்ளவன். அவன் உள்ளே போவதும் வீட்டுக்குப் போவதும் என் வாயில் இருந்தது.

நெய்யாற்றின்கரை கோர்ட்டில் போய் உளறக்கூடாதே என்று ஞாபக சக்தியைக் கூட்ட வழி தேடினேன். போனில் மூளையைப் பற்றி ஒரு பாட்காஸ்ட் கிடைத்தது. மிஷினை மிதித்துக்கொண்டே கேட்பேன். அது போதாதென்று லைப்ரரியிலிருந்து ஒரு புத்தகமும் எடுத்துவந்தேன். பெரிய படிப்பாளி பாருங்கள். இரண்டும் ஒரே சேதியைத்தான் சொல்லின. ஞாபகம் என்பது எடுத்துவைத்த போட்டோ இல்லையாம். நினைக்கும்போதெல்லாம் மூளை அதைப் புதிதாகச் செய்கிறதாம். அப்போது பிறர் சொன்னதும் நாமே யூகித்ததும் உள்ளே நுழைந்துவிடும், நுழைந்தது தெரியவே தெரியாது. ஊரார் மூளை அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கோர்ட்டில் மலையாளத்தில் சொல்லவேண்டும். ஒரு மத்தியானம் இஸ்திரி போட்டபடி வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். வாசற்படியில் நின்று வெட்டுத்துணியை உதறிக்கொண்டிருந்தேன், வண்டி வந்தது என்றேன். கை அப்படியே நின்றுவிட்டது. அன்று காலையில்தான் ஒரு பெண்ணுக்கு அளவெடுக்கும்போது இதே கதையைத் தமிழில் சொல்லியிருந்தேன். அதில் நான் ஜன்னலோரம் கத்தரியோடு நின்றேன். மாறி மாறிச் சொல்லிப் பார்த்தேன். தமிழில் சொன்னால் ஜன்னல், மலையாளத்தில் சொன்னால் படி. இரண்டு இடத்திலிருந்தும் வண்டி பளிச்சென்று தெரிந்தது.

கடையில் என்னோடு ஹெம்மிங் போடும் அக்காவிடம் கேட்டேன். "அக்கா, அன்னைக்கு வண்டி இடிக்கும்போ நான் எங்க நின்னேன்?"

"ரெண்டுபேரும் உள்ள இருந்து சோறுல்லா தின்னோம், மக்கா. சத்தம் கேட்டுத்தான் ஓடுனோம்."

"பின்ன ஏன் இத்தன நாளா சொல்லல்ல?"

"நீ சொல்லதக் கேட்டுக் கேட்டு, எனக்கு முன்ன எறங்கிப் பாத்துட்டியாக்கும்னு நெனச்சேன்."

பொய் சொல்கிறவளுக்காவது அது பொய் என்று தெரியும். நான் என் தலைக்குள் ஓடிய படத்தைக் காட்டி ஒருவனை ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்திருக்கிறேன். அந்தப் படம் இன்னும் ஓடுகிறது, வண்டியின் நிறம் முதற்கொண்டு.

"நேரிட்டு கண்டோ?" நேரில் பார்த்தாயா என்று கூண்டில் நின்ற என்னிடம் வக்கீல் கேட்டார். சத்தம் கேட்டுத்தான் வெளியே வந்தேன், வண்டி வந்ததைப் பார்க்கவில்லை என்றேன். டிரைவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். எனக்கு நிம்மதி வரவில்லை. அக்காவின் மூளையும் மூளைதானே. அவள் சொன்ன சோறு மட்டும் நிஜம் என்பதற்கு யார் சாட்சி?

வராந்தாவில் இறந்தவரின் மனைவி நின்றிருந்தாள். கொல்லயில் ஊரிலிருந்து பஸ் ஏறி வந்தவள். நாலு பேர் முன்னால் திட்டப்போகிறாள் என்று பயந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வண்டியப் பாக்கல்லன்னா போட்டும். அவிய தண்ணி கேட்டாவ, நீ குடுத்த, ரெண்டு மடக்கு குடிச்சாவன்னு துட்டிக்கு வந்தப்போ எழவு வீட்டுல வச்சு எங்கிட்ட சொன்னியே. அது உள்ளதா?"

"உள்ளதாக்கும் அக்கா" என்றேன். "ரெண்டு மடக்கு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினாள். எனக்கு அந்த டம்ளர் தெரிந்தது, அவர் உதடு தெரிந்தது, தண்ணீர் கழுத்தில் வழிந்தது தெரிந்தது. வண்டி எவ்வளவு தெளிவாகத் தெரிந்ததோ, அவ்வளவு தெளிவாக.