ஆற்றுவாய் வெட்டாத பின்னேரம்

பின்னேரம் நாலு மணிக்கு அக்கரைத் தோணி துறையில் வந்து முட்டியது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இறங்கினார்கள். என் மகள் இறங்கவில்லை.

தோணிக்காரர் கம்பைச் சேற்றில் ஊன்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“உங்கட புள்ள தோணிக்கு வரல்ல, போடியார். மணலால நடந்து ஆத்துவாய்ப் பக்கம் போனா. சம்மாட்டியக் கண்டு ஒரு கேள்வி கேக்கவேணுமாம். பள்ளிக்கூடப் பாடமாம்.”

 அன்று ஆற்றுவாயில் என்ன நடக்கப்போகிறது என்பது எனக்குத் தெரியும். வயல்காரருக்காக அதற்கு மனு எழுதிய போடியாரே நான்தான்.

மாரிமழையில் வாவி நிரம்பிவிடும். வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணல்மேட்டை வெட்டிவிட்டால்தான் எங்கள் வயல்வட்டையில் ஏறிய வெள்ளம் வடியும். அந்த வருஷம் இளம்பயிர் ஒரு கிழமைக்கு மேலாகத் தண்ணீருக்குள் கிடந்தது. ஆற்றுவாயில் வலைகளும் தோணிகளும் வைத்திருந்த சம்மாட்டி, வெட்ட விடமாட்டேன் என்று ஆட்களோடு நின்றார். நான் அரசாங்கக் கச்சேரிக்கு எழுதி அனுமதி எடுத்தேன். மத்தியானம் எங்கள் ஊர் ஆட்கள் மண்வெட்டிகளோடு அக்கரைக்குப் போயிருந்தார்கள். சிலர் கையில் பொல்லுத் தடியும் இருந்தது. அடிபிடிப் பயம் ஒரு பக்கம். மறுபக்கம், ஆற்றுவாய் திறந்துவிட்டால் வாவி கடலுக்குப் பாயும்; அந்த இழுப்பில் தோணி நிற்காது, கரை மணலும் இடிந்து போகும்.

அவள் கேட்கப் போன கேள்வியும் எங்கள் வீட்டில் பிறந்ததுதான். இலக்கியப் பாடத்துக்கு ரீச்சர் ஒரு வேலை கொடுத்திருந்தார். தெரிந்த ஒருவரைக் கதையில் வரும் ஆளைப்போல எழுதவேண்டும். அவர் எப்படிப்பட்டவர் என்பது பாதி. அவருக்கு என்ன வேண்டும், எதை இழக்கப் பயப்படுகிறார் என்பது மற்றப் பாதி. நானும் படித்தவன் அல்லவா, சாய்மனைக் கதிரையில் இருந்தபடியே விளக்கினேன். கதையில் வருகிறவர்கள் சில வகைதான்: நல்லவன், கெட்டவன், ஏமாளி, சிரிக்க வைக்கிறவன். கூத்தில் ஒருவன் களரிக்கு வரும்போதே ராசாவா மந்திரியா என்று நடையில் தெரிந்துவிடும், அதைப்போலத்தான் என்றேன். கெட்டவனுக்கு உதாரணமாகச் சம்மாட்டியைச் சொன்னேன்.

“அவருக்கு என்ன வேணும் அப்பா?”

“இறால். ஆத்துவாய் திறந்தா இறாலெல்லாம் கடலுக்குப் போயிரும். வேற ஒண்டுமில்ல.”

அதையே அவள் எழுதிக் கொடுத்தாள். ரீச்சர் கீழே சிவப்பு மையில், ‘இதை அவர் சொன்னாரா?’ என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்தார். மகள் அதைக் கொண்டுவந்து என் மடியில் வைத்துச் சிரித்தாள்.

“ரீச்சர் என்ட பிழையப் பிடிக்கல்ல அப்பா. உங்கட பிழையத்தான் பிடிச்சிருக்கா.”

“அதான் சொன்னனே மகள், ஆளைப் பாத்தாலே தெரியும்.”

“கூத்தில வாறவர் தான் ஆரெண்டு தானே பாடிப்போடுவார். சம்மாட்டி எங்க பாடினார்? கேட்டாத்தானே தெரியும்.”

“அப்ப போய்க் கேளன்” என்றேன். விளையாட்டுக்குத்தான் சொன்னேன்.

தோணிக்காரரிடம் என்னை அக்கரைக்கு விடச் சொன்னேன். அவர் தோணியை மேட்டில் இழுத்துக்கொண்டே, “ஒண்ணாது போடியார். நடு வாவியில போகக்குள்ள அங்க வெட்டினாங்களெண்டா நீங்களும் நானும் கடலிலதான்” என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள்.

துறையில் தோணி கட்டும் மரக்குத்தி ஒன்று உண்டு. வெள்ளம் ஏறுவதையும் வடிவதையும் அதில்தான் பார்ப்போம். அந்தக் கிழமை முழுவதும் காலையும் மாலையும் அங்கே வந்து, தண்ணீர் ஒரு விரலாவது இறங்காதா என்று கும்பிட்டவன் நான். இப்போது அதே குத்திக்கு முன்னால் குந்தியிருந்து, இறங்கக்கூடாது, இறங்கவே கூடாது என்று கும்பிட்டேன். தண்ணீர் இறங்கினால் ஆற்றுவாய் திறந்துவிட்டது என்று அர்த்தம். சிறு அலை வந்து விலகும்போதெல்லாம் குத்தியின் ஈரம் தெரிந்தது. 

நானும் மகளும் பிந்துவதைப் பார்த்து மனைவி துறைக்கு வந்தாள். அந்த வயல் அவளுடைய சீதனம். வந்ததும் வழக்கம்போல முதலில் குத்தியைத்தான் பார்த்தாள்.

“இன்னும் வத்தல்லயே” என்று சலித்துக்கொண்டாள்.

நான் விஷயத்தைச் சொன்னேன்.  அவள் என் பக்கத்தில் சேற்றில் அப்படியே குந்தியிருந்து, தண்ணீர் தொடும் இடத்தில் குத்தியின்மேல் கையை வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்துக்கு ஒருக்கால், “வத்தல்ல” என்று மெல்லச் சொன்னாள். எனக்கு ஆறுதலாக அதைத்தான் சொன்னாள்.

இப்போதும் மகள் வரப் பிந்தினால் நான் துறைக்குப் போகிறேன். தோணியைப் பார்க்க முன்னம் குத்தியைப் பார்க்கிறேன். மழையே இல்லாத சித்திரையிலும் அப்படித்தான்.

சூரியன் எங்கள் முதுகுப் பக்கம் வயலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தபோது அக்கரையிலிருந்து ஒரு சிறு தோணி வந்தது. கம்பு ஊன்றியவர் சம்மாட்டி. நடுவில் என் மகள், புத்தகப் பையை மடியில் வைத்தபடி. அவளை ஒரு கையால் அணைத்துக்கொண்டு ஒரு பெண். சம்மாட்டியின் மனைவி என்று பிறகுதான் தெரிந்தது. அதுவரை அவருக்கு மனைவி ஒருத்தி இருப்பாள் என்பதையே நான் நினைத்ததில்லை.

என் மனைவி இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கி மகளைத் தூக்கினாள். சம்மாட்டி முகத்தைத் திருப்பி வாவியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பெண்தான் பேசினாள்.

“புள்ளைய நல்லாப் பாத்து எடுங்க போடியார். பொறகு அது குறையுது இது குறையுதெண்டு கச்சேரிக்கு மனு எழுதாதைங்க.”

 “ஆத்துவாய்?” என்று மட்டும் கேட்டேன்.

“ஆர் வெட்டின? உங்கட ஆக்கள் அங்கால, எங்கட ஆக்கள் இங்கால, கம்போட நிக்கிறாங்க. நடுவில இந்தப் புள்ள வந்து, ‘மாமா, உங்களுக்கு என்ன வேணும், எதுக்குப் பயப்படுறீங்க’ எண்டு கேக்குது. இந்த மனிசன் திரும்பி என்னைப் பாத்தார். நான்தான் சொன்னன். வருஷா வருஷம் வட்டையால ஆக்கள் வெத்திலைத் தட்டோட வந்து இவரிட்டக் கேட்டுப்போட்டுத்தானே வெட்டுற? இந்த வருஷமும் வருவீங்களெண்டு முத்தத்தக் கூட்டச் சொல்லி, பாயும் போட்டு வச்சார். நானும் நாளாந்தம் கூட்டினன். வந்தது கச்சேரிக் கடுதாசி. இனித் தன்னை ஒருத்தரும் கேக்கமாட்டாங்களெண்டு மனிசன் சோறும் தின்னல்ல.”

“இறாலும்தான்” என்றார் சம்மாட்டி, வாவியைப் பார்த்தபடியே.

“ரெண்டையும் எழுதுவன் மாமா” என்றாள் மகள், தாயின் தோளிலிருந்து.

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே என் பக்கம் கையை நீட்டினாள்.

“இந்தப் புள்ள வீட்ட சேராம ஆரும் ஒரு புடி மண் எடுக்கப்படாதெண்டு சொல்லிப்போட்டுத்தான் இந்த மனிசன் தோணி எடுத்தார். உங்கட ஆக்களும் மண்வெட்டியக் கீழ போட்டுட்டுக் குந்தியிருக்காங்க. கெதியா வெத்திலையத் தாங்க போடியார், இருட்டுது.”