எடை கேட்காமல் கட்டிய சக்கரம்

என் மனைவி ஹில்டே சைக்கிள் சக்கரம் கட்டுகிறவள். பெயர்ப்பலகை கிடையாது, வீட்டை ஒட்டிய கார் கொட்டகைதான் பட்டறை. அவுடனார்தே நகரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் பந்தய சைக்கிள் வைத்திருப்பவர்கள் புதுச் சக்கரம் வேண்டுமென்றால் அவளிடம்தான் வருவார்கள். வந்தவரை வாங்க என்றுகூடக் கேட்க மாட்டாள். மூலையில் இருக்கும் உருளைக்கிழங்கு மூட்டை நிறுக்கும் தராசைக் காட்டி, "ஏறுங்க" என்பாள்.

பாதிரியார் ஏறியிருக்கிறார். மேயரின் மனைவியும் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஏறியிருக்கிறார். முள் நின்ற பிறகுதான் எந்த ரிம், எத்தனை கம்பி, என்ன தடிமன் என்ற பேச்சே. எங்கள் பக்கத்தில் பாதிச் சாலைகள் கல் பாவியவை. கனத்த ஆள் மெல்லிய சக்கரத்தோடு அந்தக் கல்மேல் வேகமாக இறங்கினால் சக்கரம் மட்டும் உடையாது, கழுத்தும் சேர்ந்து உடையும். யாராவது முரண்டு பிடித்தால், "எடை பாக்காம கட்டிக் குடுத்துட்டு அப்புறம் ஜெயில்ல நான் கம்பி எண்ணவா?" என்று கேட்பாள். அதற்குப் பிறகு ஏறிவிடுவார்கள்.

அந்தச் சட்டத்தை ஒரே ஒரு முறை மீறினாள், தம்பிக்காக.

தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்பார்கள். பாவோ மாதிரித் தம்பி வாய்த்தால் தனியாகப் படை வேண்டியதே இல்லை, அவனே போதும். கறிக்கடைக்காரன். நல்ல கை, மோசமான வாய். அவர்களுடைய அம்மாவின் அடக்கத்துக்குப் பயிற்சி ஓட்டத்திலிருந்து நேராக, இறுக்கமான சைக்கிள் உடுப்போடு வந்து கல்லறை ஓரம் நின்றான். ஹில்டே அத்தனை பேர் நடுவில், "வெளிய போ" என்றாள். போனான். இரண்டு வருடம் எங்கள் தெருப்பக்கம் வரவில்லை. அவள் கறிக்காகப் பக்கத்து ஊர் வரை நடந்தாள், அவன் கடை வாசலை மட்டும் மிதிக்கவில்லை.

இந்த வசந்தத்தில் ஒரு நாள் கொட்டகைக் கதவில் வந்து நின்றான். கையில் பன்றிக் குடல்கறிப் பொட்டலம்.

"அக்கா, சைக்கிள் கிளப் ஓட்டம் வருது. எனக்கு ஒரு ஜோடி சக்கரம் வேணும். லேசான ரிம், முன்னாடி இருபது கம்பி. ஓமேர் வச்சிருக்கான்ல, அது மாதிரி."

ஓமேர் கிளப் தலைவர், ஒட்டடைக் குச்சி. ஹில்டே பழக்கத்தில் தராசைக் காட்டினாள்.

பாவோ சிரித்தான். "தம்பி சொன்னா நம்ப மாட்டியா? எம்பத்துநாலு. பாரு, எவ்வளவு இளைச்சிருக்கேன்."

இளைத்துத்தான் இருந்தான், அதை மறுக்க முடியாது. ஆனால் எண்பத்துநாலா? நான் வாயைத் திறக்கப் போனேன். ஹில்டே என்னைப் பார்த்த பார்வையில் காப்பியை வைத்துவிட்டு வெளியே போனேன். இன்னொரு முறை தராசைக் காட்டினால் அவன் கோபித்துக்கொண்டு போய்விடுவான் என்று பயந்தாள். எதற்கும் பயப்படாதவள் அதற்குப் பயந்தாள். எனக்கு அவன்மேல் எரிச்சல் எரிச்சலாக வந்தது.

கட்டினாள். அவன் கேட்ட ரிம், அவன் கேட்ட இருபது கம்பி.

ஓட்டம் ஞாயிற்றுக்கிழமை, தேவாலய வாசலில் தொடக்கம். அவள் கட்டிய சக்கரம் முதல் மிதியில் சத்தம் போடாது. ஒவ்வொரு கம்பியையும் கையால் நெருக்கி, முறுக்கை எடுத்துவிட்டுத்தான் கொடுப்பாள். ஊரில் அது அவளுக்குப் பேர். பாவோ ஏறி உட்கார்ந்து மிதித்தான். முன்சக்கரம் டிங் என்றது, மறுபடி டிங் டிங். ஏறியிருப்பது அவன் சொன்ன எடை இல்லை என்று ஹில்டேக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அதற்குள் கூட்டம் நகர்ந்துவிட்டது.

பாவோவின் மனைவி கத்ரீன் அப்பத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். ஹில்டே அவள் கையைப் பிடித்தாள்.

"கத்ரீன், அவன் எவ்வளவு எடை?"

"ஏன் அண்ணி கேக்குறீங்க, போன வாரம்தான் டாக்டர் தொண்ணூத்தேழுன்னு திட்டி அனுப்புனாரு."

"காரை எடுங்க," என்றாள் ஹில்டே என்னிடம்.

பயப்பட வேண்டிய இடம் ஒன்றுதான். கோழிமேடு. ஏறுவது தார்ச்சாலை, இறங்குவது முழுக்கக் கல், நேர்ச் செங்குத்து, கடைசியில் பண்ணைச் சுவர். பாவோவின் போனுக்கு அடித்தோம். அது கத்ரீனின் கைப்பையில் மணியடித்ததாக அவள் திரும்பக் கூப்பிட்டுச் சொன்னாள். குறுக்கு வழியில் ஒரு டிராக்டர் எருவண்டியை இழுத்துக்கொண்டு ஊர்ந்தது. நான் ஹாரன் அடித்தேன், டிராக்டர்காரன் கையை மட்டும் ஆட்டினான். ஹில்டே மடியில் விரல்களை நெரித்துக்கொண்டே இருந்தாள். மேட்டின் அடியில் காவல் நின்றவர், ஓட்டம் முடியும்வரை கார் போகக்கூடாது என்றார். அவள் கதவைத் திறந்து ஏறுமேட்டில் ஓட ஆரம்பித்தாள். அறுபது வயது, முழங்கால் வலிக்காரி. நான் மூச்சிரைக்கப் பின்னால் ஓடினேன்.

உச்சியை நாங்கள் தொடவும் கூட்டம் வரவும் சரியாக இருந்தது. ஹில்டே கல் தொடங்கும் இடத்தில் நடுச்சாலையில் கையை விரித்து நின்றாள்.

பிரேக்குகள் கிறீச்சிட்டன. ஓமேர் கத்தினார். "பைத்தியமா உனக்கு? தள்ளும்மா!"

"பாவோ, இறங்கு," என்றாள்.

"என்னக்கா இது, மானத்த வாங்காத."

அவள் குனிந்து அவன் முன்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றினாள். கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் சுண்டினாள். ஒன்று பொத்தென்று செத்த சத்தம் போட்டது. அந்தக் கம்பி நுழையும் துளை ஓரம் ரிம்மில் மயிரிழையாக ஒரு வெடிப்பு. நானே பார்த்தேன்.

இப்போது சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தேன். தம்பி பொய் சொன்னான் என்று. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்பாள் என்று.

"தப்பு என்னோடது," என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "சக்கரத்த நான் சரியாக் கட்டல."

கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. அதில் பாதிப் பேர் அவள் கட்டிய சக்கரத்தில்தான் நின்றார்கள். ஒருவர் குனிந்து தன் கம்பியைத் தொட்டுப் பார்த்தார். ஓமேர், "வயசாயிடுச்சு, கை தளர்ந்திருக்கும்," என்றார் இரக்கமாக. அந்த இரக்கத்துக்கு அவரை அறைந்திருக்கலாம். முப்பது வருடம் சேர்த்த பேரை அவள் அந்தக் கல்மேல் கொட்டிவிட்டு நின்றாள். பாவோ தலையைக் குனிந்தபடி ஹெல்மெட் வாரைத் திருகிக்கொண்டிருந்தான். பேசுடா பாவி என்று மனசுக்குள் கத்தினேன்.

"சரி, வழிய விடுங்க, நாங்க போறோம்," என்றார் ஓமேர்.

"தொண்ணூத்தேழு," என்றான் பாவோ.

"என்னது?"

"என் எடை. தொண்ணூத்தேழு கிலோ. அக்காகிட்ட எம்பத்துநாலுன்னு சொன்னேன். ஏறி நில்லுன்னா, நான் நிக்கல. அவ கையில ஒரு குத்தமும் இல்ல."

யாரும் சிரிக்கவில்லை. ஓமேர் மிதித்துப் போனார். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கல்லில் இறங்கினார்கள்.

எங்கள் கார் கீழே, காவல் நின்றவர் நிறுத்திய இடத்தில் இருந்தது. சைக்கிளை நான் தோளில் தூக்கிக்கொண்டேன். அவன் காலில் அடியில் இரும்பு வைத்த பந்தயச் செருப்பு, இரண்டாவது அடியிலேயே வழுக்கியது. ஹில்டே அவன் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். அப்படியே இறங்கினார்கள், நான் பின்னால்.

பாதி வழியில் அவன், "கனக்குதாக்கா?" என்று கேட்டான்.

"தொண்ணூத்தேழு," என்றாள். அவன் கையை எடுக்கப் பார்த்தான். அவள் விடவில்லை.